உறையூரிலிருந்து போன் வரும்

டிவியில் பாட்டுப் போட்டியில் மார்க் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். செல்போனைக் கைக்கு எட்டுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்வார். மருமகள் புதிதாக வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“ஏன் அத்தை, மாமா இப்பப் போய் சத்தத்தைக் குறைக்கிறாங்க? இனிமேதானே ஜட்ஜு பேசப் போறாங்க.”

“இனிமே உறையூர்ல பேசப் போறாங்கம்மா, அதைக் கேக்கணும்ல” என்று சொன்னேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பாட்டு ஞானமும் கிடையாது. ஆனால் பாட்டுப் போட்டியில் நியாயம் எங்கே, அநியாயம் எங்கே என்று இரண்டு பேர் வருஷக்கணக்காகச் சண்டை போட்டதைக் கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கியவள்.

உறையூரில் இருப்பவர் இவருடைய அண்ணன். எனக்கு மூத்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். என் மாமனாரும் அதே ஒர்க்‌ஷாப்தான், அதனால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது பொன்மலை குவார்ட்டர்ஸில். மாமனார் ரிட்டையர் ஆன பிறகு, கடைசிக் காலத்தில் ரங்கநாதர் காலடியில் கிடக்க வேண்டும் என்று சொல்லி ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். நாங்கள் அவரோடு வந்துவிட்டோம். மாமா டிப்போவுக்குப் பக்கம் என்று உறையூரிலேயே இருந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமாள் பெட்டி உண்டு. தேக்குப் பெட்டி. உள்ளே கையளவு பித்தளைப் பெருமாள், இரண்டு பக்கமும் தாயார், ஒரு மணி, ஒரு விளக்கு. மாமனாருடைய தாத்தா காலத்திலிருந்து வருகிறது. புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குச் சமைத்துப் படைத்துத் தளிகை போடும்போது பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அங்கேதான் குடும்பம் மொத்தமும் கூடும். முறைப்படி அப்பாவுக்குப் பிறகு பெட்டி மூத்த மகனுக்கு. ஆனால் மாமனார் எங்கள் வீட்டில் இருந்தார், பெட்டியும் எங்கள் வீட்டில் இருந்தது, காலமாவதற்கு முன்னால் “பெருமாள் இங்கயே இருக்கட்டுமே” என்று ஒரு தடவை சொல்லியும் இருந்தார். மூத்தவருக்குத்தானே முறை என்று நாலு பேர் சொன்னார்கள். பெரியவர் வாய்ச்சொல் என்று நாலு பேர் சொன்னார்கள். காரியம் முடிந்த அன்றைக்கு, இப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது, பெருமாளையே கேட்டுவிடலாம் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்தான். பெண் பார்க்கப் போகலாமா, மனை வாங்கலாமா என்று எதற்கும் பார்ப்போம். சிவப்பு அரளி ஒரு வாழையிலைப் பொட்டலத்தில், வெள்ளை நந்தியாவட்டை இன்னொன்றில். இரண்டையும் ஒரே மாதிரி நாரால் கட்டி சாமி முன்னால் போட்டு, கள்ளம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் பெட்டி உறையூருக்கு. வெள்ளை வந்தால் ஸ்ரீரங்கத்திலேயே. அன்றைக்கு வீட்டில் இருந்த சின்னக் குழந்தை மாமாவுடைய மகள்தான். அப்போது பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை.

மாமா பெட்டி முன்னால் விழுந்து சேவித்தார். “பெருமாள் இஷ்டம்” என்றார். சாப்பிட்டார். போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அந்தப் புரட்டாசிக்கு வரவில்லை. அடுத்த புரட்டாசிக்கும் வரவில்லை. கல்யாணம் காட்சியில் பார்த்தால் “வாங்க, சாப்பிட்டீங்களா” என்பதோடு சரி. நான் சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தனுப்புவேன். வாளி கழுவித் திரும்பி வரும், ஆட்கள் வரமாட்டார்கள். இவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோவிந்தா சொல்லி முடித்த பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பெட்டி போன கோபம் அண்ணனுக்கு ஆறவே இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அப்புறம்தான் அந்தப் பாட்டுப் போட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிற போட்டி. அதில் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் பாடியது. நம் ஊர்ப் பெண் என்று திருச்சி முழுக்கப் பார்த்தார்கள். ஒரு வாரம் அந்தப் பெண்ணுக்குச் சளி. தொண்டை கட்டியிருந்தது. பாடி முடித்ததும் மூன்று நடுவர்களில் ஒருத்தர் ரொம்பக் குறைவாக மார்க் போட்டுவிட்டார். நான் “அடப் பாவமே” என்று சொல்லி வாயை மூடவில்லை, இவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு இவர் எழுந்து நின்றுவிட்டார். இடுப்பு வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டுதான் எடுத்தார்.

“என்னடா, பாத்துக்கிட்டு இருக்கியா?”

“பாத்துக்கிட்டுத்தான்ணே இருக்கேன்.”

“அந்த ஆளு போட்ட மார்க்கு நியாயமா?”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணன் கேட்கிற முதல் கேள்வி. ஆமாம் அண்ணே, அநியாயம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் ஃபிட்டர். அளவு பார்க்கிற கேஜை வைத்துப் பார்த்தால் ஒரு நூல் விலகினாலும் விலகல்தான் என்பார்.

“ஸ்ருதி கொஞ்சம் விலகுச்சுண்ணே” என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“உனக்கு என்னடா தெரியும் ஸ்ருதியைப் பத்தி? பஜனையில ஜால்ராவையே தப்பாத் தட்டுனவன்தானே நீ.”

“அதனாலதான்ணே தப்பு எனக்கு நல்லாத் தெரியும்.”

மாமா சிரித்துவிட்டார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் போன் தவறாது. மார்க் சொன்னதும் அடிக்கும். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வராது, அப்பாவைப் பற்றி வராது. எல்லாம் போட்டியைப் பற்றித்தான். மாமா பொன்மலைப் பெண் கட்சி. இவர் வேண்டுமென்றே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் கட்சி சேர்ந்துகொண்டார். எல்லாரும் ஒரே கட்சி என்றால் போனில் பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஏனென்றால் வாதம் முழுக்கப் பையனுக்காகச் செய்துவிட்டு, போனை வைத்ததும் இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனில் ஓட்டுப் போடுவது பொன்மலைப் பெண்ணுக்கு. நான் பார்த்தேன். கேட்கவில்லை.

“அவன் பாட வந்தானா, சிரிக்க வந்தானாடா?” என்பார் மாமா. “பல்லைக் காட்டுனதுக்கு எத்தனை மார்க், பாட்டுக்கு எத்தனை மார்க், பிரிச்சுப் போடச் சொல்லு.”

“உங்க பொண்ணுக்கு மட்டும் என்னவாம்? அப்பா லோகோ ஷெட்டுல வேலை பாக்கறதைக் காட்டி, அம்மா அழுவறதைக் காட்டி, அப்புறம்தான் பாட்டையே காட்டறான்.”

“அதைத்தான்டா நானும் சொல்றேன். அழுவறதை எதுக்குக் காட்டறான்? என் பஸ்ஸுல ஏறி எத்தனையோ பேரு அழுதிருக்காங்க. பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறுறவங்க பாதிப்பேரு அழுதுக்கிட்டுத்தான் ஏறுவாங்க. அழுதா அரை டிக்கெட்டா கிழிச்சேன்? தண்ணி வேணா வாங்கிக் கொடுத்திருக்கேன். டிக்கெட்டு முழு டிக்கெட்டுதான்.”

ஒருத்தருக்கு டிக்கெட், ஒருத்தருக்கு கேஜ். அவரவர் வேலையை வைத்துத்தான் நியாயம் பேசினார்கள். எனக்கும் ஒரு நியாயம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. தளிகைக்குச் சமைக்கிறவள் உப்புப் பார்க்கக் கூடாது. பெருமாள் அமுது செய்கிறவரைக்கும் நாக்கில் வைக்கக் கூடாது. கண்ணளவில் போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்போம். அவர் மார்க்கும் சொல்லமாட்டார். அப்படிச் சமைத்தே பழகினவளுக்கு, ஒரு குழந்தை பாடி முடித்து வாயை மூடுவதற்குள் நம்பரைத் தூக்கிக் காட்டுவது கொஞ்சம் அவசரமாகத்தான் பட்டது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானும் சீக்கிரமே விளக்கேற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பெருமாளே, இன்றைக்கு யாராவது ஒரு ஜட்ஜ் கொஞ்சம் அநியாயம் பண்ணட்டும் என்று வேண்டிக்கொள்வேன். எல்லா மார்க்கும் சரியாக இருந்துவிட்டால் போன் சீக்கிரம் முடிந்துவிடுமே. இந்த மாதிரி வேண்டுதலைக் கேட்டுப் பெருமாள் என்ன நினைத்தாரோ. எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். போட்டி ஒருநாள் முடியும். முடிந்தால் அண்ணனும் தம்பியும் எதைச் சாக்கு வைத்துப் பேசுவார்கள்?

முடிவதற்கு முன்னாலேயே வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

அரையிறுதி. கடைசி ஓர் இடத்துக்குப் பொன்மலைப் பெண்ணும் தூத்துக்குடிப் பையனும் சமம். நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் பெயரையும் சீட்டில் எழுதிச் சுருட்டிப் போட்டார்கள். ஆரம்பத்திலேயே வெளியே போன குட்டிப் பாப்பா ஒன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதை மேடைக்குக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பாப்பா பொன்மலைப் பெண்ணின் மடியிலேயே கிடக்குமாம், அக்கா அக்கா என்று. சிரித்துக்கொண்டே எடுத்தது. பையன் பெயர் வந்தது. பொன்மலைப் பெண் வெளியே. அந்தக் குட்டி சீட்டைப் பிடித்தபடியே நின்றது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உதடு மட்டும் நடுங்கியது. அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

போன் உடனே அடித்தது. என் கையில் மாவு. எனக்கும் கேட்கட்டும் என்று இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“தோத்துட்டீங்களேண்ணே” என்று கேலியாக ஆரம்பித்தார் இவர்.

“தோத்தது கெடக்கட்டும்டா” என்றார் மாமா. குரல் வழக்கமான குரல் இல்லை. “மூணு பேரு மார்க் போடத்தானே உக்காந்திருக்காங்க? பெரியவங்க முடிவெடுக்க முடியலன்னா, சின்னப் புள்ளை கையையா பிடிச்சு உள்ள விடறது? எடுக்கச் சொல்லிட்டு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்கு அந்தப் புள்ளை, நான்தானே அக்காவ வெளியே அனுப்பிட்டேன்னு நெனச்சு நெனச்சு அழுவாது? வருஷா வருஷம் அழுவாது? அதுக்கு யாருடா மார்க் போடுவான்?”

தான் என்ன சொன்னோம் என்று மாமாவுக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

“வெச்சிடறேன்” என்றார்.

டிவியில் நடுவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவர் அதை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்குப் பூ எடுத்ததும் அண்ணன் பாப்பா அழுதுச்சா?”

நான் யோசித்தேன். அழுததாக ஞாபகம் இல்லை. வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அது அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. யாரோ கன்னத்தைக் கிள்ளி “உன் வீட்டுக்கு வர வேண்டிய பெருமாளை நீயே வேணாம்னுட்டியே” என்று சிரித்ததும் ஞாபகம் வந்தது. பிறகு அது அம்மா தோளில் தூங்கிப்போயிருந்தது. களைப்பு என்று நினைத்தோம்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போனதும் என் ஓரகத்திக்கு, மாமாவுடைய மனைவிக்கு, போன் பண்ணினேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது.

“அன்னிக்கு மட்டுமாடி அழுதா?” என்றார் அக்கா. “புரட்டாசி பிறந்தாலே, அம்மா நான் தப்பா எடுத்துட்டேன், அம்மா நான் தப்பா எடுத்துட்டேன்னு ஜுரம் வந்துடும். ஸ்ரீரங்கம்னு சொன்னாலே அந்தப் பொட்டியப் பாக்கணுமேன்னு பயம். அதான் உங்க மாமா, அவ மனசு ஆறட்டும், அப்புறம் போகலாம்னாரு. ஒரு வருஷம் போகல. ரெண்டாவது வருஷம் போனா, ஏன் போன வருஷம் வரலன்னு கேப்பீங்களேன்னு போகல. அப்புறம் வெக்கத்துலேயே நின்னு போச்சு.”

“பொட்டி போன கோவம்னு நாங்க நெனச்சுட்டோமேக்கா.”

“பெருமாள் மேல யாருடி கோவிச்சுக்குவா? நல்லா நெனச்சீங்க போ.”

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் அப்படியே பெட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். காபி ஆறிப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. இவர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்களாவது பண்ணுங்களேன் என்றேன். “பண்ணி என்னன்னு சொல்லுவேன்?” என்றார். அதுவும் வாஸ்தவம்தான். மார்க்கைப் பற்றிப் பேசலாம் என்றால் மார்க்குக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்துவிட்டதே.

ஊரெல்லாம் அந்தச் சீட்டைப் பற்றித்தான் பேச்சு. கோயிலில் சேவைக்கு வரிசையில் நிற்கிறோம், எனக்கு முன்னால் இரண்டு அம்மாக்கள்.

“மார்க்குப் போடத் தெரியலன்னா எதுக்கு அந்த நாற்காலி? நம்ம வீட்டு மோடாவ வெச்சிருக்கலாம்.”

“எல்லாம் முன்னாடியே பேசி வெச்சதுங்கறேன். ரெண்டு சீட்டுலயும் அந்தப் பையன் பேருதான் இருந்திருக்கும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

பின்னால் நின்றவர் “கொஞ்சம் நகருங்கம்மா, பெருமாள் காத்துக்கிட்டு இருக்காரு” என்றார். நகர்ந்தோம்.

ஜனங்கள் போட்ட சத்தத்தில் டிவிக்காரர்கள் வைல்டு கார்டு என்று ஒன்றை அறிவித்தார்கள். தோற்றவர்களில் ஒருவரை ஜனங்களே ஓட்டுப் போட்டு மறுபடி உள்ளே கொண்டுவரலாம். பொன்மலைப் பெண் திரும்ப வந்துவிட்டது. அன்றைக்காவது உறையூரிலிருந்து போன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

புரட்டாசி பிறந்தது. இறுதிப் போட்டி அந்த மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, எங்கள் தளிகை. இவர் ஒருநாள் வேலையிலிருந்து வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, “புடவை மாத்திக்க, உறையூர் போயிட்டு வரலாம்” என்றார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மடித்து வைத்தார். “வாங்க” என்று எழுந்தார். அக்கா காபி கொண்டுவந்தார்.

“வைல்டு கார்டுல வந்துட்டாளேண்ணே உங்க பொண்ணு” என்றார் இவர்.

“நான் ஓட்டுப் போடல.”

“ஏன்ணே?”

“தோத்தா தோத்ததுதான். சீட்டு எடுத்தது தப்பு. ஆனா எடுத்துட்டாங்க. எடுத்த பின்னாடி, பின்வாசல் வழியா வர்றதும் தப்பு. போற பஸ்ஸுல ஓடி வந்து ஏறுற மாதிரி.”

இவர் காபியைக் கீழே வைத்தார். “அண்ணே, பொட்டியை இங்க கொண்டுவந்துடறேன். இனிமே இங்கயே இருக்கட்டும்.”

மாமா முகம் மாறிவிட்டது. “இப்பத்தானே சொன்னேன். பெருமாளைக் கேட்டோம், சொல்லிட்டாரு. அதை மாத்த நீ யாரு, நான் யாரு? எனக்கும் வைல்டு கார்டா?”

“உங்களுக்கு இல்லண்ணே. பாப்பாவுக்கு.”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. பெரியவர்கள் பேசும்போது நான் குறுக்கே பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு என்னவோ வாய் தானாக வந்தது.

“மாமா, அன்னிக்கு நாம பெருமாள்கிட்ட என்ன கேட்டோம்? யார் வீட்டுல இருக்கீங்கன்னுதானே கேட்டோம்? எங்கயும் போவமாட்டீங்களான்னு யாரும் கேக்கலியே. ரங்கநாதருக்கு வீடு ஸ்ரீரங்கம்தான். அதுக்காகப் பங்குனியில உறையூர் நாச்சியாரைப் பாக்க வராம இருக்காரா? ஒருநாள் வந்து இருந்துட்டுத்தானே போறாரு? அவரே வர்றாருன்னா நம்ம வீட்டுப் பெருமாள் வந்தா ஆகாதா? இந்த சனிக்கிழமை தளிகைய இங்க போடுவோம். அப்புறம் கூட்டிக்கிட்டுப் போயிடறோம். எடுத்த பூவும் மாறல, ஒண்ணும் மாறல.”

மாமா என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

“ஏண்டா, உன் பொண்டாட்டிய அந்த நாற்காலியில உக்கார வெச்சிருந்தா சீட்டே எடுத்திருக்க வேணாம் போல இருக்கே.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் காலேஜிலிருந்து வந்தது. நன்றாக வளர்ந்திருந்தது, தோளில் பை. எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டது. மாமா விஷயத்தைச் சொல்லி, “நீ என்ன சொல்றே, வரலாமா?” என்று கேட்டார்.

அது செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தது.

“நான் எதையும் எடுக்க மாட்டேன்ப்பா” என்றது. “ஆனா வந்தாங்கன்னா, பொட்டிய நான் திறக்கிறேன்.”

சனிக்கிழமை விடிந்ததும் பெட்டியைப் புதுத் துண்டில் சுற்றி இவர் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தார். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஆற்றைப் பார்க்கிற மாதிரி பெட்டியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி உறையூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

“லக்கேஜ் என்ன சார்?”

“பெருமாள்.”

கண்டக்டர் தோல் பையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்ப உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எடுங்க சார்” என்றார்.

அக்கா வீட்டு அடுப்பில்தான் சமைத்தோம். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வடை, மாவிளக்கு. வேறு வீட்டு அடுப்பு, வேறு வீட்டு உப்பு ஜாடி. கை அளவு பிடிபடவில்லை. ருசியும் பார்க்கக் கூடாது. பயந்துகொண்டேதான் கொண்டுவைத்தேன். மாமாவுடைய மகள் தலைக்குக் குளித்து வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தது. கொக்கியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு திறந்தது. பெருமாளை இரண்டு கையாலும் எடுத்து மணைமேல் வைத்தது. துண்டு நுனியால் முகத்தைத் துடைத்தது, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி.

மாமா கோவிந்தா சொன்னார். கண்டக்டர் தொண்டை, தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். இவர் ஜால்ரா தட்டினார்.

“இன்னும் தப்பாத்தான்டா தட்டுற” என்றார் மாமா, விழுந்து சேவித்து எழுந்ததும்.

புளியோதரையில் உப்பு ஒரு கல் குறைச்சல். எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அன்றைக்கே திரும்புவதாகத்தான் போனோம். “நாளைக்கு ஃபைனல்ஸ் இருக்கேடா” என்றார் மாமா, சுவரைப் பார்த்துக்கொண்டு. பெருமாளும் அன்றைக்கு உறையூரிலேயே தங்கினார்.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் டிவி முன்னால். மாமா பொன்மலைப் பெண்ணுக்காக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், ஓட்டுப் போடாதவர். இவர் தூத்துக்குடிப் பையன் என்று ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தார், ஓட்டெல்லாம் வேறு பக்கம் போட்டவர். கடைசியில் இரண்டு பேருக்கும் இல்லை. ஆரம்பத்திலிருந்து ஓரமாக நின்று பாடிக்கொண்டிருந்த ஒரு வேலூர்ப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் யாரும் அந்தப் பெண்ணை ஒரு வாரம்கூடக் கவனித்தது கிடையாது.

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“என்னடா இது?”

“அநியாயம்ணே.”

“இந்தப் பொண்ணு எங்கேர்ந்துடா வந்துச்சு?”

“கேஜே வெக்கலண்ணே இவனுங்க.”

முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி. அக்காவும் நானும் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாமாவுடைய மகள் மட்டும், “அவ நல்லாத்தான் பாடினா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட சத்தத்துல எங்க கேட்டுச்சு?” என்றது.

அதன்பிறகு எத்தனையோ போட்டிகள் வந்துவிட்டன. பாட்டு, ஆட்டம், சமையல். இப்போது வருகிறவற்றில் யார் பாடுகிறார்கள், எந்த ஊர் என்றுகூட எனக்கு மனதில் நிற்பதில்லை. மருமகள் அவள் போனில் தனியாக ஏதோ பார்க்கிறாள், மகன் அவன் போனில். அந்த வருஷம் மாதிரி ஒரு தெருவே ஒரு மார்க்குக்காகக் கொதித்ததை நான் மறுபடி பார்க்கவில்லை. பெருமாள் மட்டும் வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை உறையூர் போய், தங்கி, திங்கட்கிழமை திரும்புகிறார். மாமாவுடைய மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் எங்கே இருந்தாலும் வந்துவிடும். பெட்டியை வேறு யாரும் திறப்பதில்லை.

மாமாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள், இரைச்சல் என்று மேஜையில் கழற்றி வைத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை இவர் வழக்கம்போலச் சத்தத்தைக் குறைத்தார். போன் அடித்தது.

“பாத்தியாடா? அந்தப் பச்சைப் பாவாடைப் புள்ளைக்கு மார்க்கைக் குறைச்சுட்டானே.”

“உங்களுக்குத்தான் பாட்டே கேக்காதேண்ணே, எப்படித் தெரியும்?” இவர் கத்திக் கேட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“பாட்டை யாருடா கேட்டா? மார்க்கைப் போட்டுட்டு அந்த ஆளு மூஞ்சியப் பாத்தேன். கீழ குனிஞ்சுக்கிட்டாரு. எத்தனை வருஷம் பஸ்ஸுல மூஞ்சியப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“ஸ்ருதி விலகுச்சுண்ணே.”

“என்ன?”

“ஸ்ருதி, ஸ்ருதி விலகுச்சு.”

“கேக்கலடா. இன்னொரு தடவை சொல்லு.”

இவர் இன்னொரு தடவை சொன்னார்.